தேத்தண்ணியில் ஊறிய தாடை

“நான் காணேல்லை, சேர்.”

இந்த மூன்று சொல்லையும் கேட்டால் எனக்கு மண்டை விறைக்கும். நாளுக்கு ஐந்தாறு தடவை கேட்பேன். “கீழை லொறி வந்திட்டுதோ அக்கா?” என்றால், “சத்தம் கேட்டது. லொறியை நான் காணேல்லை, சேர்” என்பார். “இண்டைக்குக் கரண்ட் வெட்டுவாங்களாமே?” என்றால், “ஆர் சொன்னது, சேர்?” என்பார். மனுசர் சும்மா ஒரு கதைக்குக் கேட்கிறதுதானே, ஓம் என்று தலையாட்டினால் என்ன குறைந்துவிடும்? அக்கா ஆட்டமாட்டார்.

இது திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் நடந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பிழை விட்டது நான், கட்டடம் இல்லை. அக்கா அங்கே ஒப்பந்த அடிப்படையில் உதவியாளராக இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். விடிய முதல் பஸ்ஸில் சம்பூரிலிருந்து புறப்பட்டு, மூதூரும் கிண்ணியாவும் தாண்டி வந்து, எனக்கு முன்னமே கதவைத் திறந்து வைத்திருப்பார். நான் அப்போது மேற்படிப்புக்காக எலிகளின் கீழ்த்தாடையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எலித் தாடையில் ஒருத்தன் பட்டம் எடுப்பானோ என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார்.

எடுக்கலாம். உங்கள் கீழ்த்தாடையைத் தொட்டுப் பாருங்கள், ஒரே எலும்பு. எலிக்கு அப்படி இல்லை. இடது பாதி, வலது பாதி என்று இரண்டு. முன்னால் நாரால் கட்டியது போல இருக்கும், அவித்தால் கழன்றுவிடும். ஒவ்வொரு பாதியிலும் சாகும்வரை வளரும் உளிப்பல் ஒன்று, பின்னால் அரைக்கும் பற்கள், நடுவில் வெறும் இடைவெளி. கொறிக்கும்போது எலி தாடையை முன்னுக்குத் தள்ளும், அரைக்கும்போது பின்னுக்கு இழுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அதனால் முடியாது. அணிலும் எலியும் முள்ளம்பன்றியும் சேர்ந்த இந்தக் கூட்டம் ஐந்து கோடி ஆண்டுக்கும் மேலாக இந்த ஒரு கருவியை வைத்துக்கொண்டு, தின்னும் தீனிக்கு ஏற்ப அதை நீட்டியும் குறுக்கியும் பின்மூலையை அகட்டியும் பிழைத்து வருகிறது. கொட்டை உடைக்கும் அணிலின் தாடை கட்டையாகத் தடித்திருக்கும். முள்ளம்பன்றிக்கோ பின்மூலை வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும். ஒரு பாதித் தாடையை என் கையில் தந்தால் அது யார் வழி வந்தது, என்ன தின்றது என்று சொல்லிவிடுவேன். அப்படித்தான் அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தாடைகளைச் சுத்தம் செய்வது அக்காவின் வேலை. துறைமுகத்துத் தானியக் களஞ்சியங்களில் பொறி வைக்கும் கிண்ணியாக்காரர் ஒருவர் எலிகளைக் கொண்டுவந்து தருவார். கிளிவெட்டி வயல்களிலிருந்து வரம்பைத் துளைக்கும் அகழான் எலி வரும். அக்கா ஒவ்வொரு எலிக்கும், மீன் அடைத்து வரும் வெறும் தகர ரின் ஒவ்வொன்று வைத்திருந்தார். ரின்னின் அடியில் ஆணியால் துளை, பக்கத்தில் ஆணியாலேயே கீறிய இலக்கம். ஒரு ரின்னில் இரண்டு எலி அவிய விடமாட்டார். சவர்க்காரத் தூள் போட்டு அவித்து, பழைய பல் பிரஷால் உரசி, அதே ரின்னில் யன்னல் கம்பியில் தொங்கவிட்டுக் காயவைப்பார். கடற்காற்றில் முப்பது நாற்பது ரின் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் இது என்ன கோயிலோ என்று மேலே பார்த்துவிட்டுப் போவார்கள்.

இன்னொரு பழக்கம், எந்தத் தொகுதி வந்தாலும் எல்லாவற்றையும் கழுவமாட்டார். ஒன்றை மண்ணோடோ தசையோடோ அப்படியே விட்டுவைப்பார். “எல்லாத்தையும் கழுவிப்போட்டா, பிறகு ஏதும் கேள்வி வந்தா என்னத்தைப் பாக்கிறது?” என்பார். என்ன கேள்வி வரப்போகிறது என்று நான் சிரிப்பேன். நான் ஒரு கையில் வடையும் மறு கையில் எலும்பை அளக்கும் கலிப்பருமாகக் கத்திக்கொண்டு நின்றால், “சேர், ஒண்டில் கொறியுங்கோ, இல்லாட்டி அரையுங்கோ” என்பார். நான் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கே திரும்பி வரும்.

பத்திரிகைக் கட்டுரைக்காரர் மாதிரி அவருடைய பழைய கதையை எல்லாம் நான் தோண்டவில்லை. ஒன்று மட்டும் அவரே சொன்னார். இரண்டாயிரத்து ஆறில் சம்பூரை விட்டு ஓடினவர்கள். வருடக்கணக்காகக் கிளிவெட்டிப் பக்கம் முகாமில் இருந்து, பிறகு திரும்பிப் போனவர்கள். இழந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு படிவம் வந்ததாம். ஆடு என்ற இடத்தில் அக்கா எழுதினாராம்: “மொத்தம் ஆறு. இரண்டு செத்ததைக் கண்டேன். நாலு பற்றித் தெரியாது.” படிவம் வாங்கியவர் தலையில் கைவைத்து, “அம்மா, ஆறும் செத்தது எண்டு எழுதுங்கோவன், ஆர் வந்து எண்ணப்போகினம்?” என்றாராம். “அவர் நல்ல மனுசன், சேர். ஆனா நாலையும் நான் காணேல்லைத்தானே” என்றார் அக்கா. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. இப்படியும் ஒரு பிறவியா என்று.

இனி என்னுடைய கூத்துக்கு வருகிறேன்.

மூதூருக்குத் தெற்கே காட்டோரத்தில் ஒரு பாறைக் குடைவு இருக்கிறது. ஆந்தைகள் பரம்பரை பரம்பரையாக உட்கார்ந்து எலி தின்று, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் துப்பிய இடம். மேலே இருந்த மண் லேசானது, அதிலிருந்த எலும்பு வெள்ளை. கீழே இறுகிப் போன கறுத்த மண், அதிலே கல்லாக மாறத் தொடங்கிய பழுப்பு எலும்பு. நானும் அக்காவும் நாலு நாள் குந்தியிருந்து இந்த இரண்டு மண் தட்டையும் வேறுவேறாகத் தோண்டினோம். மேல்தட்டில் பத்தொன்பது பாதித் தாடைகள், கீழ்த்தட்டில் பதினாறு. கீழ்த்தட்டின் வயதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் என் மனதில் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் காட்டுக் கொட்டை தின்ற எலி, வயல் வந்த பிறகு நெல்லுக்கு மாறியது, தீனி மாறத் தாடையின் வடிவமும் மாறியது. ஒரே குடைவு, ஒரே வகை எலி, பழசும் புதுசும். இந்தப் பதினாறும் இல்லாவிட்டால் என் ஆய்வின் பாதி காற்றில் போய்விடும்.

ஒரு பூரணைப் போயா விடுமுறை. அக்கா இல்லை. அடுத்த நாள் கொழும்புக்கு ஓர் ஆய்வுச் சுருக்கம் அனுப்பவேண்டும் என்று எனக்கு அவசரம். கழுவுவது என்ன பெரிய வித்தையா, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். கழுவினது சரியாகத்தான் கழுவினேன். இரண்டு தட்டையும் வேறுவேறு பாத்திரத்தில் போட்டேன். ரின்னும் ஆணியும் தேடச் சோம்பல். விறாந்தையில் இரண்டு பழைய பேப்பரை விரித்து, ஒன்றில் மேல்தட்டு, மற்றதில் கீழ்த்தட்டு என்று எழுதிப் பரப்பிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

திருகோணமலையில் சீவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் மான் காட்டில் இல்லை, தெருவில்தான் நிற்கும். புல்லைவிடப் பேப்பர் அதற்கு விருப்பம். நான் கப்போடு வெளியே வந்தபோது இரண்டு புள்ளிமான்கள் விறாந்தையில் ஏறி, ஆளுக்கொரு பேப்பரைச் சப்பிக்கொண்டு நின்றன. தாடைகள் எல்லாம் சீமெந்தில் ஒன்றாகக் கொட்டுண்டு கிடந்தன. “ஐயோ!” என்று கத்திய கத்தில் மான் ஓடியது, மேல்தட்டு என்று நான் எழுதிய துண்டும் வாயோடு போனது.

அடுத்த நாள் அக்கா வந்து, நான் எலும்புகளைப் பொறுக்கிப் போட்டிருந்த தட்டத்தைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

“மான் கெடுத்துப்போட்டுது, அக்கா.”

“மான் பேப்பரைத் திண்டது, சேர். எலும்பை வெளியிலை காயவைச்சது மான் இல்லை.”

“சரி, விடுங்கோ. ஒண்டும் கெட்டுப்போகேல்லை. பழுப்பெல்லாம் கீழ்த்தட்டு, வெள்ளையெல்லாம் மேல்தட்டு. நிறத்தைப் பாத்துப் பிரிச்சு, கொப்பியிலை பதிஞ்சு விடுங்கோ.”

கொப்பி என்றால் மாதிரிகளின் பதிவேடு. அது முழுக்க அக்காவின் கையெழுத்து. எந்த எலும்பு எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று அதில் இருந்தால்தான் அதற்குப் பெறுமதி. அக்கா தட்டத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திருப்பினார். நல்ல வெள்ளை கொஞ்சம், நல்ல பழுப்பு கொஞ்சம், நடுவில் இரண்டுங்கெட்டான் நிறத்தில் மிச்சம். கொப்பியைத் திறந்தார், பேனையை எடுத்தார், மூடி வைத்தார்.

“எது எந்தத் தட்டிலை இருந்தது எண்டு நான் காணேல்லை, சேர். நாளைக்கு எழுதுறன்.”

அந்த ‘நாளை’ எட்டு நாள் கழித்துத்தான் வந்தது. அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் ஏதோ கடிதக் கோவையில் கையெழுத்து வாங்க என் மேசையடியில் நின்றார். அக்கா ஒரு மீன் ரின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே பாதித் தாடை ஒன்று, பனங்கட்டிப் பழுப்பு நிறத்தில்.

“சேர், இது எந்தத் தட்டு?”

எனக்குச் சந்தோசம். வழிக்கு வந்துவிட்டார். “கீழ்த்தட்டு. உதுக்கென்ன யோசினை? நிறத்தைப் பாருங்கோ.”

“எவ்வளவு பழசு இருக்கும், சேர்?”

“குறைஞ்சது ரெண்டாயிரம் வருசம்.” லிகிதருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.

“போன செவ்வாய்க்கிழமை பிடிச்சது, சேர். துறைமுகத்து எலி. ஆறு நாள் தேத்தண்ணிக்கை கிடந்தது.”

லிகிதர் சிரித்த சிரிப்பில் கோவை கையிலிருந்து விழுந்தது. எனக்கு முகத்தை எங்கே வைக்கிறது என்று தெரியவில்லை. நாலு வருடம் தாடை வடிவத்தைப் படித்தவன், வடிவத்தைப் பார்க்கவே இல்லை, நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டேன். இருந்தும் விட்டேனா?

“சரி, அப்ப வடிவத்தைப் பாத்துப் பிரிப்பம். கீழ்த்தட்டுத் தாடை கொஞ்சம் தடிப்பு, பின்மூலை அகலம்…”

“வடிவத்தைப் பாத்துப் பிரிச்சுப்போட்டு, பிறகு வடிவம் மாறியிருக்கு எண்டு எழுதுவீங்களோ, சேர்?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டது போலத்தான் முகம் இருந்தது. அக்கா கொப்பியை என் முன்னாலேயே விரித்து, முப்பத்துநாலு தாடைக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, நீல மையில் எழுதினார்: கலந்து போனது. பென்சிலால் எழுதியிருக்கலாம். மையால் எழுதினார்.

அன்று நான் கத்தினதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. உமக்கு என்ன தெரியும் என்றேன். நீங்கள் என்று கதைத்த ஆளை நீர் என்றேன். அக்கா ரின்னை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாத முடிவோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கப் பொறுப்பாளர் என்ற முறையில் நான் சிபாரிசுக் கடிதம் கொடுக்கவேண்டும், பதினைந்தாம் திகதிக்கு முன். ஏழாம் திகதியே அது தட்டச்சாகி வந்துவிட்டது. ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நான் என் மேசை லாச்சியை இழுத்து, அதை உள்ளே கலிப்பருக்குக் கீழே போட்டு வைத்தேன். வந்து கெஞ்சட்டும் என்று நினைத்தேன். ஆம், அப்படியேதான் நினைத்தேன். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். “கடிதம் எழுதீட்டீங்களோ, சேர்?” “எழுதுறன், வேலை கூடிப்போச்சு” என்றேன். பிறகு கேட்கவில்லை. தினமும் காலையில் வழமை போல என் மேசையைத் துடைத்து, கலிப்பரை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

பதினேழாம் திகதி லிகிதர் ஓடிவந்தார்.

“சேர், அக்காவின்ரை கடிதம் எங்கை? திகதி முடிஞ்சுது! உவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?”

நான் லாச்சியை இழுத்துக் கடிதத்தை எடுத்தேன். கோபம் எப்போது ஆறியது என்று எனக்கே தெரியாது, கடிதம் மட்டும் ஆறாமல் கிடந்திருக்கிறது. லிகிதர் நல்லவர். “பதினாலாம் திகதி எண்டு போட்டுத் தாங்கோ, நான் கோவைக்கை செருகி விடுறன். ஆரும் பாக்கமாட்டினம்” என்றார். நான் உடனே பதினான்கு என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். அடியில் விண்ணப்பதாரி கையெழுத்திட ஒரு வரி இருந்தது: கையெழுத்திட்ட மேற்படி கடிதத்தைக் கண்டேன், திகதி. அக்காவைக் கூப்பிட்டோம்.

வாசித்தார். ஆறுதலாக, இரண்டு தடவை வாசித்தார். அவரைப் பற்றி நல்லபடிதான் எழுதியிருந்தது.

“பதினாலாம் திகதி இதிலை உங்கட கையெழுத்தை நான் காணேல்லை, சேர்.”

“அக்கா, விசர்க்கதை கதைக்காதேங்கோ” என்றேன். “வேலை போகப்போகுது. சம்பூரிலை என்ன செய்யப்போறீங்கள்? ஒரு இலக்கம்தானே, பதினேழைப் பதினாலாக்கினால் உலகம் அழிஞ்சு போகுமோ?”

“ஓம், வேலை போகும் எண்டு தெரியும்.”

பேனையை வாங்கினார். கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் பதினேழு என்று எழுதினார். ஒரே கடிதத்தில் மேலே பதினான்கு, கீழே பதினேழு. மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. புதுப்பிக்க இயலாது என்று.

நான் பல பேரிடம் போனேன், கதைத்தேன், கெஞ்சினேன். ஒன்றும் அசையவில்லை. மாதக் கடைசி நாள் அக்கா கதவுத் திறப்புக் கோர்வையையும் கொப்பியையும் என் மேசையில் வைத்தார். யன்னலில் தொங்கிய ரின்களை எண்ணி எழுதியிருந்தார். அவித்தது இத்தனை, அவிக்க இருப்பது இத்தனை. கடைசி வரி: “பாறைக் குடைவு, கீழ்த்தட்டு, கழுவாதது ஒன்று. மண்ணிலிருந்து எடுக்கும்போது கண்டேன்.”

அலுமாரியின் உச்சியில் ஒரு ரின்னுக்குள் அது இருந்தது. இறுகின கறுத்த மண்கட்டி, அதில் பாதி புதைந்தபடி ஒரு தாடை. பதினாறில் ஒன்றை வழமை போல அவர் கழுவாமல் விட்டிருந்தார். நான் அன்றைக்குக் கழுவும்போது எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மான் அவ்வளவு உயரத்துக்கு ஏறாது.

அந்த மண்கட்டியைத்தான் சோதனைக்கு அனுப்பினேன். பழையதுதான், ஆனால் நான் அடித்துச் சொன்ன அளவுக்குப் பழையதில்லை. ஒரு தாடையை வைத்து மாற்றம் என்று எழுத முடியாது. ஆய்வின் பாதியை வெட்டி எறிந்தேன். துறைமுகத்து எலி, வயல் அகழான், அணில், முள்ளம்பன்றி என்று இப்போது இருப்பவற்றின் தாடைகளை வைத்து மிச்சத்தை முடித்தேன். பட்டத்துக்கான நேர்முகத்தில் பரீட்சகர் கொப்பியைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். ‘கலந்து போனது’ என்ற பக்கத்தில் நிறுத்தினார். “இந்தப் பக்கம் இருக்கிறபடியால்தான் மற்றப் பக்கங்களை நம்புறன்” என்றார். பட்டம் கிடைத்தது. மாமியார் ஒரு பழக்கூடை தந்தார். நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. என்ன முகத்தோடு எடுக்கிறது?

மூன்று வருடம் கழித்துத்தான் சம்பூருக்குப் போனேன். பஸ் முழுக்க ஒரே யோசினை. மன்னிப்புக் கேட்டால் அக்கா என்ன சொல்லுவார்? “அப்பிடி ஒண்டுமில்லை, சேர்” என்பார். “எல்லாம் காலம்” என்பார். யாராயிருந்தாலும் அப்படித்தானே சொல்லுவார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு, பாரம் இறங்கித் திரும்பி வரலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் போனேன்.

வேலியில் மீன் ரின்கள் தொங்கின. முள்ளம்பன்றி வந்து மரவள்ளியைக் கிண்டாமல் இருக்கச் சத்தத்துக்குக் கட்டியிருக்கிறாராம். கச்சான் கடலையும் மரவள்ளியும் நன்றாகவே நின்றன. அக்கா கொஞ்சம் கறுத்திருந்தார், மற்றபடி அதே ஆள்தான். கதிரையைத் தூசி தட்டிப் போட்டு, குசினிக்குள் போய் வெறும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“குடியுங்கோ, சேர். ஒரு கப்பாலை நிறம் மாறமாட்டீங்கள்.”

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். சிரிப்பு அடங்கும் முன்னே சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன்.

“அக்கா, உங்கட வேலை போனது என்னாலைதான். என்னை மன்னிக்கோணும்.”

அக்கா என்னைப் பார்த்தார். தாடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் அதே பார்வை. கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

“ஓம், சேர். உங்களாலைதான்” என்றார். “ஏழாம் திகதியிலை இருந்து கடிதம் லாச்சிக்கை கிடந்தது. கலிப்பர் எடுக்கேக்கை ஒவ்வொரு நாளும் நான் கண்டனான்.”